நான்காம் தாள்

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவருடைய பணிப்பதிவேடு ஐந்து வருஷம் என் பீரோவில்தான் இருந்தது. பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் பள்ளிக்கூடத்து கிளார்க் பதிவேட்டில் இருப்பதை வெளியே பேசக்கூடாது என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதையாவது காப்பாற்றிக்கொள்கிறேன். எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் தமிழ் எடுத்தார். பிள்ளைகள் தமிழ் மிஸ் என்பார்கள். நான் டீச்சர் என்பேன், கோபம் வந்தால் தாயே என்பேன். தாயே என்று கூப்பிட்ட நாள்கள்தான் அதிகம்.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் எங்கள் பள்ளி. ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், மறுபக்கம் கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கல். காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலை வைத்தால் கரி ஒட்டும். அந்தக் கரிமேசையில் அவர் வந்து உட்கார்ந்தாலே எனக்கு வேலை இரட்டிப்பாகும். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு வியாதி. எழுத வேண்டிய இடம் எதுவும் காலியாக இருக்கக்கூடாது.

சேர்க்கை விண்ணப்பத்தில் தந்தையின் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் நான் பல வருஷமாக எழுதிவந்தது ஒரே சொல், கூலி. அவர் வந்த முதல் ஜூன் மாதமே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கூலின்னா இன்னாண்ணே? இன்னா வேல செய்றீங்க?" என்று எதிரே நின்ற ஆளைக் கேட்டார்.

"ஹார்பர்ல மிஸ். கப்பல்ல கன்டெய்னர் அடுக்குவாங்கோ இல்ல, அது சாயாம ராடு போட்டு இறுக்கிக் கட்டணும்."

"அத்த எழுதுங்க யக்கா."

"கட்டம் பத்தாது தாயே."

"வெளிய போனா போவுது, எழுதுங்க."

எழுதினேன். கப்பலில் கன்டெய்னர்களை இறுக்கிக் கட்டுபவர். எழுத்து கட்டத்தைத் தாண்டி, ஓரக்கோட்டைத் தாண்டி, முத்திரை குத்துகிற இடம்வரை போனது. எனக்கு எரிச்சலான எரிச்சல். அந்த ஆள் வெளியே போய்ப் பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார். "யம்மா, இன்னா எழுதினீங்கோன்னு ஒருதபா பட்ச்சு காட்றீங்களா?" என்றார். படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்த விண்ணப்பத்துக்கு நானே கேட்டேன், என்ன வேலை என்று. ஐஸ் பார் உடைக்கிறவர் என்று எழுதினேன். டீச்சர் பல் தெரியாமல் சிரித்தார். முன்பல்லில் ஒரு மூலை உடைந்திருக்கும், அதனால் எப்போதும் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார்.

விடைத்தாளிலும் இதே கூத்து. "தப்பா எழுது, ஆனா எழுதாம உடாத" என்பார். வகுப்பில் பாடம் நடத்தும்போது அவர் தமிழ் சுத்தமாக இருக்கும். வராந்தாவுக்கு வந்துவிட்டால் எங்கள் பேச்சுதான், அதில் வெட்கமெல்லாம் கிடையாது. காசிமேட்டில் வளர்ந்தவர், நெத்திலிக் கருவாடு இல்லாமல் டிபன் பாக்ஸ் திறக்கமாட்டார். ஒரு தடவை ஒரு பையன் பதில் தெரியாமல், "தெரியவில்லை, ஆனால் ரொம்ப நேரம் யோசித்தேன்" என்று எழுதி வைத்திருந்தான். அதற்கு அரை மதிப்பெண் போட்டார். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கத்தினார். டீச்சர் கேட்டுக்கொண்டு நின்றார், மதிப்பெண்ணை மட்டும் மாற்றவில்லை.

தலைமையாசிரியருக்கும் அவருக்கும் பெரிதாக முட்டிக்கொண்டது வேறொரு நாள். காலை பத்து மணி இருக்கும், எங்கிருந்தோ ஒரு வாயு நாற்றம் வந்தது. எங்கள் பக்கத்தில் நாற்றம் புதிதில்லை, ஆனால் அன்றைக்குக் கண் திறக்க முடியவில்லை. ஏழாம் வகுப்பில் நாலு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினோம். பிற்பகலில் மேலே அனுப்ப வேண்டிய அறிக்கையில், விடுமுறை விட்ட காரணம் என்ற இடத்தை வெறுமனே விடச் சொன்னார் தலைமையாசிரியர். அவரும் பாவம், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. டீச்சர் என் மேசையிலிருந்து பேனாவை எடுத்து, "பிள்ளைகளுக்குக் கண் எரிந்தது, நான்கு பேர் வாந்தி எடுத்தார்கள், நாற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, தெரிய வேண்டும்" என்று எழுதிவிட்டார். அதற்காக அவருக்கு ஒரு மெமோ வந்தது. அந்த மெமோவுக்கான விளக்கத்தையும் இரண்டு பக்கம் நிரப்பித்தான் கொடுத்தார்.

அவருடைய அப்பா துறைமுகத்தில் இறந்தவர் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். கப்பலின் அடியறையில் ஏதோ நடந்திருக்கிறது. "இன்னா நடந்துச்சுன்னு இன்னிவரைக்கும் ஒருத்தரும் சொல்லல யக்கா. வேலைல போய்ட்டாருன்னாங்க, அவ்ளோதான்" என்றார். அதனால்தான் இவர் இப்படி ஆனார் என்று நான் கதை கட்டமாட்டேன். அப்பன் செத்த பிள்ளைகள் எங்கள் பகுதியில் எத்தனையோ பேர், எல்லோருமா இப்படித் திரிகிறார்கள்?

இனிமேல் சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசுவது அயோக்கியத்தனம்.

பெருந்தொற்று வந்து பள்ளிகளை மூடியிருந்த சமயம். மேலேயிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. புகழ்பெற்ற நாடக ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையை எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே படிக்கும் முறையில் அறிமுகம் செய்ய வேண்டுமாம். பெயரைச் சொன்னால் உங்களுக்கும் தெரிந்திருக்கும், அதனாலேயே சொல்லவில்லை. ராயபுரத்துக்காரர். நிலக்கரிக் கூடை சுமந்தவரின் மகன். அச்சகத்தில் எழுத்துக் கோத்து, அங்கிருந்து மேடைக்குப் போய், பட்டம் பதக்கமெல்லாம் வாங்கியவர். சுற்றறிக்கையோடு ஒரு பக்கத்தில் குறிப்பும் வந்திருந்தது. பிறந்தார், எழுதினார், விருது பெற்றார், மறைந்தார். கீழே ஐந்து கேள்வி.

டீச்சர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை.

"இதுல மனுசன் எங்க யக்கா கீறான்? ரேஷன் கார்டு மாரி கீது."

அவரே எழுத உட்கார்ந்தார். வாழ்க்கையை ஐந்து தாளாகப் பிரித்தார். ஒவ்வொரு தாளிலும் முன்பக்கம் கதை, பின்பக்கம் கேள்வி. பாதி வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு போய்விடும். அதனால் காகிதம்தான் சரி என்றார். அப்போது மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் பையில் போட்டுப் பெற்றோரிடம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்தப் பையில் ஒரு தாளைச் செருகி அனுப்புவது, எழுதியதை அடுத்த தடவை பை வாங்க வரும்போது வாங்கிக்கொள்வது, இதுதான் ஏற்பாடு. தாள்களை ஜெராக்ஸ் எடுப்பது என் வேலை.

எல்லாக் கேள்வியும் ஒரே மாதிரி முடியும். 'வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதுக. இடத்தைக் காலியாக விடாதே.'

முதல் மூன்று தாள்களும் எழுதி வந்த விதத்தைப் பார்த்து நானே அசந்துபோனேன். நிலக்கரி சுமப்பதைப் பற்றிய முதல் தாளில், ஒரு பெண்ணின் அப்பா தன் கையாலேயே எழுதியிருந்தார், வேலை முடிந்து துப்பினால் எச்சில் எத்தனை நாளைக்குக் கறுப்பாக வரும் என்று. மூன்றாவது தாள் அவருடைய முதல் நாடகத்தைப் பற்றியது. திரைச்சீலை வாங்க வழியில்லாமல் மீன் வலையைக் கட்டி, அதன்மேல் புடவைகளைத் தொங்கவிட்டு நடத்தியதாகக் கதை. வியாசர்பாடியிலிருந்து வருகிற ஒரு பையன் வீட்டில் குடும்பமே அந்தக் காட்சியை நடித்துப் பார்த்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "இன்னாடா சண்ட, சாவு வூடா கல்யாண வூடா?" என்று கேட்டாராம். அதையும் பையன் தாளில் எழுதியிருந்தான். டீச்சர் அதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த மாதம் அவர் கொஞ்சம் சதை போட்ட மாதிரி கூட இருந்தார்.

நான்காம் தாளை ஒரு வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுத்தார். மிஷினில் வைப்பதற்கு முன்னால் படித்தேன்.

அந்த நாடக ஆசிரியருக்கு எழுதும்போது கை வேகமாக ஓடாது. அவர் சொல்லச் சொல்ல அவர் மனைவிதான் எழுதுவாளாம். நாடகமெல்லாம் அவள் கையெழுத்து. மனைவியைத் தெய்வம் என்று சொல்லிப் பேர் வாங்கிய அந்தப் பெரிய நாடகத்தை எழுதின வருஷம்தான் அவளை அதிகம் அடித்தாராம். ஒருநாள் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். காசிமேட்டில் டீச்சருடைய அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டில்தான் கடைசிவரை இருந்தாள், அவர் வாங்கிய விருது ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை. பக்கத்தைத் திருப்பினால் ஒரே கேள்வி. 'மேடையில் மனைவியைத் தெய்வம் என்றவர், வீட்டில் ஏன் அப்படி நடந்தார்? வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதுக. இடத்தைக் காலியாக விடாதே.'

என் கை மிஷின் மூடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டது.

என் வீட்டுக்காரரும் அடிப்பார். குடிக்காமலேயே அடிப்பார். பள்ளிக்கு முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வருவேன், ஏசி பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்பேன், யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஊரில் ஏசி பஸ்ஸே வராது. அந்தக் கேள்வி ஓர் ஒற்றை அறை வீட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்று அந்தப் பள்ளியில் என்னைவிடத் தெரிந்தவர் இல்லை. வகுப்பில் கேட்டால் முப்பது பிள்ளைகளில் ஒரு பிள்ளை, பதிலை மனசிலேயே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் கேட்கிறவளும், கேட்கப்படுகிறவனும், அடி வாங்குகிறவளும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சமயத்தில் வேலையும் இல்லை, வெளியே போக வழியும் இல்லை. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீடு என்றால் அவருக்கு அத்தையும் கருவாடும். அவர் வகுப்புக்கு எழுத வேண்டிய கேள்வியை வீட்டுக்கு எழுதிவிட்டார்.

"டீச்சர், இது வோணுமா?" என்றேன்.

"ஏன் யக்கா?"

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ரவிக்கைக் கையை மேலே தூக்க வேண்டும். "டோனர் கம்மியா கீது" என்றேன்.

"மங்கலா வந்தா பரவால்ல, போடுங்க" என்றார்.

போட்டேன். எல்லாப் பிரதியும் நன்றாகவே வந்தன.

ஒன்பதாம் வகுப்பில் முகத்துவாரக்குப்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். மிஸ் சொன்னதைச் சொன்னபடி செய்வாள், ஒரு எழுத்து கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அவள் அப்பா காட்டுப்பள்ளிப் பக்கம் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை, அப்போது வேலை நின்றிருந்தது. ஒவ்வொரு தடவையும் அரிசி வாங்க அம்மாதான் வருவாள். நான்காம் தாளுக்கு அப்புறம் அந்தப் பெண்ணே வந்தாள். தாளை நாலாக மடித்து டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, பையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

டீச்சர் படித்தார். என்னிடம் நீட்டினார். நான் வாங்கிப் படித்தேன்.

'அப்பாவிடம் கேட்டேன். யார் கேட்கச் சொன்னது என்றார். மிஸ் என்றேன். அவர் மறுபடியும் தாளைப் படித்தார். இதை யார் போய் மிஸ்ஸிடம் சொன்னது என்று அம்மாவைக் கேட்டார். அம்மா நான் சொல்லவில்லை என்றார்கள். அப்பா தள்ளினார். அம்மாவின் கை உடைந்துவிட்டது. அந்த நாடக ஆசிரியர் ஏன் அப்படி நடந்தார் என்று அப்பா சொல்லவில்லை. அம்மாவிடமும் கேட்டேன். தெரியாது என்றார்கள். வேறு யாரிடமாவது கேட்டு எழுதுகிறேன்.'

கோடு போட்ட இடம் முழுவதும் நிறைந்திருந்தது. கடைசி வாக்கியத்துக்கு இடம் போதாமல் ஓரத்தில் எழுதியிருந்தாள்.

டீச்சர் ஸ்கூட்டியை எடுத்தார். "நீங்களும் வாங்க யக்கா" என்றார். லாரிகளுக்கு நடுவில் எப்படி ஓட்டினார் என்று எனக்குத் தெரியாது, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

சண்டை நடக்கும் என்று நினைத்துப் போனோம். அந்த மனுஷன் எழுந்து நின்றார். பிளாஸ்டிக் நாற்காலி இரண்டை எடுத்துத் துடைத்துப் போட்டார். மகளை டீ வாங்கிவரச் சொன்னார். உள்ளே அந்த அம்மா கட்டுப்போட்ட கையோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"கேள்வி என்னுது. உங்க பொண்ணுது இல்ல, உங்க சம்சாரத்துதும் இல்ல. எங்காண்ட யாரும் ஒண்ணியும் சொல்லல. எல்லாப் புள்ளைக்கும் குட்த்த தாளு அது. கோவம்னா எங்கைல காட்டுங்கோ" என்றார் டீச்சர்.

"ஐய, இன்னா மிஸ் இது. உங்க மேல இன்னா கோவம்? அவ கொழாயாண்ட வயுக்கி வுயுந்துட்டா." உள்ளே பார்த்து, "இன்னாமே, சொல்லு" என்றார்.

"ஆமா மிஸ். கொழாயாண்ட" என்றாள் அவள்.

"பொண்ணு பட்ச்சது போதும் மிஸ். டி.சி. மட்டும் குட்த்துடுங்கோ" என்றார் அவர். குரல் ஏறவே இல்லை. டீ வந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

அன்றிலிருந்து டீச்சருக்குச் சோறு தூக்கம் கிடையாது. ஒரே குறிதான், அந்தப் பெண் படிப்பை விடக்கூடாது. முதலில் புகார் கொடுத்தார். விசாரிக்க வந்தவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள், குழாயடியில் விழுந்தேன் என்பதை எழுதிக்கொண்டு போனார்கள். அப்புறம் எங்கெங்கோ பேசி, வெளி மாவட்டத்தில் விடுதியோடு இருக்கிற பெண்கள் பள்ளியில் ஓர் இடம் பிடித்தார். பள்ளி மூடியிருந்தாலும் விடுதியில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். அம்மா வேண்டுமானால் போய்ப் பக்கத்தில் தங்கிக்கொள்ளலாம், சமையல் வேலைகூடப் பேசிவைத்தார். ஒரே ஒரு படிவம், அதில் அம்மாவின் கையெழுத்து, அவ்வளவுதான் பாக்கி. அதுவரை டி.சி. கொடுக்காமல் இழுத்தடிப்பது என் பொறுப்பு.

நன்றாகத்தான் இழுத்தடித்தேன். அந்தப் பெண்ணின் அப்பா வரும்போதெல்லாம் ஆன்லைனில் ஏறவில்லை என்றேன், தலைமையாசிரியர் லீவு என்றேன், சீல் ரிப்பேர் என்றேன். "சரிம்மா, நாளிக்கி வர்றேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போவார். டீச்சர் என் கையைப் பிடித்து, "நீங்க இல்லன்னா பேஜாராயிருக்கும் யக்கா" என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லுவதில் எனக்கு வீட்டிலேயே நல்ல பழக்கம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த அம்மா தனியாக வந்தாள். புருஷன் எங்கோ வேலை கேட்கப் போயிருந்தானாம். டீச்சருக்கு அன்று வேறு பள்ளியில் டியூட்டி. ஆபீஸில் நான் மட்டும். படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன், பேனாவையும் வைத்தேன். இடது கையில்தான் கட்டு, கையெழுத்துப் போட முடியும். பேனாவை எடுத்தவள் என்னையே பார்த்தாள். என் ரவிக்கைக் கையை, மணிக்கட்டுக்கு மேலே துணி விலகின இடத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டாள்.

"யக்கா, மிஸ் நல்லவங்கோ. ஆனா அவுங்களுக்குத் தெரியாது. நீங்க சொல்லுங்கோ. நான் இன்னா பண்ணட்டும்? போவட்டுமா?"

போ என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொன்னால், நீ ஏன் போகவில்லை என்று அவள் கேட்பாள். அவள் கேட்காவிட்டாலும் நான் கேட்டுக்கொள்வேன். பத்தொன்பது வருஷத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதுதான் நிஜம். அவள் நன்மையை யோசித்தேன், ஊர் வாயை யோசித்தேன் என்றெல்லாம் இப்போது சொன்னால் அது பொய்.

"அனுசரிச்சுப் போம்மா. பொண்ண வெச்சுகினு எங்க போய் நிப்ப? வயசானா அவரே அடங்கிடுவாரு" என்றேன்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். மூடியைத் தேடி எடுத்துப் போட்டுத்தான் வைத்தாள். "நீங்களே சொல்றீங்கோ" என்று எழுந்து போனாள். அந்த வாரமே அவள் புருஷன் வந்தார், இந்த முறை தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசினார். தலைமையாசிரியர் என் எதிரே நின்று டி.சி.யை எழுதச் சொன்னார். அந்தப் பெண் அப்பாவோடு வந்து வாங்கிக்கொண்டாள். நன்றி மேடம் என்றாள். இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் கல்யாணம் ஆகிவிட்டது. இப்போது எங்கே இருக்கிறாளோ, கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அனுமதி இல்லாமல் தாள் தயாரித்தார் என்று டீச்சர்மேல் மனு போனது. எல்லாத் தாளையும் திரும்ப வாங்கச் சொன்னார்கள். ஐந்தாம் தாள் வெளியே போகவே இல்லை. மேலேயிருந்து வந்த அந்த ஒரு பக்கத்தையே பிள்ளைகளுக்குக் கொடுத்து எழுதி வாங்கி அனுப்பினோம். டீச்சருக்குத் தெற்கே ஓர் ஊருக்கு மாற்றல் வந்தது. மாற்றலுக்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் மூடிவிடுவார்.

விடுவிப்பு ஆணையை நான்தான் தட்டச்சு செய்தேன். கையெழுத்துப் போட வந்தவர் என் எதிரே உட்கார்ந்தார்.

"அந்தம்மா கையெழுத்துப் போடறேன்னுதான் யக்கா எங்காண்ட சொல்லிச்சு. மெய்யாலுமே சொல்லிச்சு. அப்பறம் யாரோ மனச கலச்சுட்டாங்கோ. அனுசரிச்சுப் போன்னு சொல்லிகீறாங்க. யாருன்னு கேட்டேன், சொல்லமாட்டேன்னுடுச்சு."

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் ஆணையின் நகலை எடுத்து நேராக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்த இடத்தில் முந்தின நாள் பட்ட காயம் ஒன்று இருந்தது, வலித்தது, நான் முகத்தை மாற்றவில்லை.

"இந்த ஸ்கூல்ல நீங்க ஒருத்தர்தான் யக்கா என் கூட நின்னீங்க" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் போன பிறகு நகலைக் கோப்பில் வைத்தேன். மணி நாலரை ஆனதும் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.